சீனாவிலும் ரஷ்யாவிலும் படிக்கும் நம் மாணவர்களுக்குத் தளம் திறக்கவில்லை: வழி சொல்லுங்கள்

தேர்வுத்தோழி

வணக்கம். மதுரையில் மருத்துவராக இருக்கிறேன். நானும் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்துத் திரும்பியவள்தான். அப்படித் திரும்புகிறவர்கள் இங்கே பதிவு பெற எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வுக்கு, தமிழ் விளக்கத்துடன் குறிப்புகளும் மாதிரி வினாக்களும் தரும் இலவசத் தளம் ஒன்றை நண்பர்களுடன் சேர்ந்து நடத்திவருகிறேன். 300 வினாக்களில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த 150ஐத் தொடுவதில்லை. அரசுப் பள்ளியில் படித்து, வீட்டை அடகு வைத்துப் போன பிள்ளைகளுக்குப் பயிற்சி நிலையக் கட்டணம் எட்டாது. அவர்களுக்காகத்தான் இந்தத் தளம்.

சிக்கல் இதுதான். எங்கள் வாசகர்களில் பெரும்பகுதியினர் சீனாவிலும் ரஷ்யாவிலும் இருக்கிறார்கள். சீனாவில் பக்கம் வெகுநேரம் வெள்ளையாகவே நிற்கிறது. உள்நுழைவுப் படிவம் வேலை செய்வதே இல்லை. ரஷ்யாவில் 2025 கோடையிலிருந்து பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது, எக்ஸ்ரே படங்கள் வருவதில்லை. வழங்கி (சர்வர்) மும்பையில் இருக்கிறது, முன்னால் ஒரு பெரிய சிடிஎன், அதாவது பக்கங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்து வாசகருக்கு அனுப்பும் சேவை, இருக்கிறது.

சீனாவில் தளம் நடத்த அந்த அரசிடம் பெறும் ஐசிபி பதிவை எடுக்கச் சொல்கிறார் ஒருவர். வழங்கியை ஹாங்காங்கிற்கு மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் நிறுவுவது எப்படி என்று தளத்திலேயே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எதைச் செய்யலாம்?

கம்பிவழி

டாக்டர், முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தடுக்கப்பட்டிருப்பது உங்கள் தளமா, உங்கள் தளம் நம்பியிருக்கும் வேறு ஏதாவதா?

உங்கள் முகப்புப் பக்கத்தின் நிரலைப் பார்த்தேன். எழுத்துரு ஓரிடத்திலிருந்து, ஜாவாஸ்கிரிப்ட் இன்னோரிடத்திலிருந்து, காணொளி யூடியூபிலிருந்து, வருகைக் கணக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து, மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கட்டம் கூகுளிலிருந்து வருகின்றன. யூடியூப் 2009 முதல் சீனாவில் இல்லை. கூகுளின் மற்ற சேவைகள் பெரும்பாலும் 2014இலிருந்து இல்லை. உலாவி இவற்றுக்காகக் கேட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருக்கிறது. காத்திருப்பு நேரம் முடிந்த பிறகுதான் உங்கள் எழுத்துகளைக் காட்டுகிறது. வெள்ளைப் பக்கத்திற்குக் காரணம் அதுதான். உங்கள் டொமைனை (தளத்தின் பெயரை) சீனா தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது: எழுத்துரு, நிரல், பாணிக் கோப்பு எல்லாவற்றையும் உங்கள் வழங்கிக்கே கொண்டுவாருங்கள். மனிதரா என்று சோதிக்கும் அந்த ரீகேப்ச்சா கட்டம் அவசியம் என்றால், கூகுள் டாட் காம் எட்டாத இடங்களுக்காக ரீகேப்ச்சா டாட் நெட் என்ற முகவரியைக் கூகுளே வைத்திருக்கிறது. நானாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, உடற்கூறியலில் ஓர் எளிய கேள்வி கேட்டுவிடுவேன். காணொளிகளைச் சிறிய கோப்புகளாக உங்களிடமே வையுங்கள். பாடத்தின் ஒலி மட்டும் தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

ரஷ்யக் கதை வேறு. 2025 ஜூன் 9 முதல் கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் நிறுவனத்தின் வழியாக வரும் தளங்களை அங்குள்ள இணைய நிறுவனங்கள் நெரிக்கின்றன என்று கிளவுட்ஃப்ளேரே வெளிப்படையாக அறிவித்தது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் 16 கேபி வரை வரும். அதன்பின் இணைப்பு உறைந்துவிடும். மேலை நாட்டு வழங்கி நிறுவனங்கள் வேறு சிலவற்றுக்கும் இதே நிலை. பாதியில் நிற்கும் உங்கள் பக்கங்களும் வராத எக்ஸ்ரேக்களும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. இதைச் சரிசெய்யும் வழி தங்கள் கையில் இல்லை என்றும் அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. ரஷ்ய வாசகர்களுக்குச் சிடிஎன் இல்லாத தனி முகவரி ஒன்று கொடுத்துப் பாருங்கள்.

வோல்காக்கரை

அக்கா, நான் உங்கள் தளத்தில்தான் படிக்கிறேன். கம்பிவழி ஐயா சொல்வது சரி. எழுத்து மட்டும் உள்ள சிறிய பக்கங்கள் எனக்குத் திறக்கின்றன, மருந்தியல் அட்டவணைப் பக்கம் திறப்பதில்லை. விடுதி வைஃபையில் ஒரு மாதிரி, கைப்பேசி இணைப்பில் ஒரு மாதிரி. ட்ரோன் தாக்குதல் அச்சம் என்று சொல்லிக் கைப்பேசி இணையத்தையே அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அரசு அனுமதித்த பட்டியலில் உள்ள தளங்கள் மட்டும் வரும். 2025 ஆகஸ்டிலிருந்து வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளும் சரியாக இல்லை. அம்மாவிடம் பேசுவதே பெரும்பாடாக இருக்கிறது.

இன்னொன்று. இந்திய அரசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டிலிருந்து திறப்பதில்லை. தேர்வு அறிவிப்பு வந்தால் இணைப்பைப் போடாமல் முழு அறிவிப்பையும் எங்களுக்காக எழுத்தாகவே போடுங்கள்.

கீழ்த்திசை

சீனாவில் படித்து முடித்தவன் என்ற முறையில் ஐசிபி பற்றிச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு சீன அமைச்சரவையின் (ஸ்டேட் கவுன்சில்) ஆணையின்படி வந்த நடைமுறை அது. வழங்கி சீன நிலப்பகுதியில் இருக்க வேண்டும். பதிவு செய்ய அங்கே சட்டப்படி ஒரு நிறுவனமோ பொறுப்பாளரோ வேண்டும். கிடைக்கும் எண்ணைப் பக்கத்தின் அடியில் போட வேண்டும். அதற்குப் பிறகு காவல்துறைப் பதிவு தனி. மதுரையிலிருந்து நாலு பேர் நடத்தும் இலவசத் தளத்துக்கு இது ஒத்துவராது. அங்கே யாராவது ஒரு மாணவன் பெயரில் பதிவு செய்யலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தளத்தில் யார் எதை எழுதினாலும் அந்த மாணவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஹாங்காங்கில் வைத்தால் ஐசிபி தேவையில்லை, தூரமும் குறைவு. ஆனால் அதுவும் சீனாவின் இணையத் தணிக்கை அமைப்பான தீச்சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. இரவு நேர நெரிசல் அங்கும் உண்டு.

பறையொலி

எல்லோரும் நுட்பம் பேசுகிறீர்கள், நல்லது. மாணவர்கள் கேட்ட விபிஎன் பக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

படிக்க விரும்பும் பிள்ளைக்கும் பாடத்துக்கும் நடுவில் ஓர் அரசு வந்து நிற்கிறது. அதைத் தாண்டும் வழி நமக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்? அவர்கள் தடுப்பதற்கு முன்பே நாமே நம்மைத் தடுத்துக்கொள்வதா? எனக்கு இதில் கோபம் வருகிறது.

தணிக்கையாளர்கள் எல்லாம் வல்லவர்களும் அல்லர். 2013 ஜனவரியில், நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தைச் சீனா தடுத்தது. சீன நிரலாளர்களே எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். சில நாட்களில் தடையை நீக்கிவிட்டார்கள். 2018 ஏப்ரலில் டெலிகிராமைத் தடுக்கப்போன ரஷ்யா, அமேசான், கூகுள் நிறுவனங்களின் கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை (இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண் முகவரிகளை) முடக்கியது. தொடர்பே இல்லாத கடைகளும் வங்கிகளும் விழுந்தன, டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். துணிந்து நின்றால் வழி பிறக்கும். பக்கத்தைப் போடுங்கள் டாக்டர்.

செங்கடம்பு

பறையொலி, உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. இணைய உரிமை தொடர்பான வேலையில்தான் நான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிட்ஹப்பை விட்டுவைத்தது, அது இல்லாமல் சீன மென்பொருள் நிறுவனங்களால் வேலை செய்ய முடியாது என்பதால். டெலிகிராம் பிழைத்தது, ரஷ்ய அதிகாரிகளே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலத்தில். பெரிய மேகச் சேவைகளின் பின்னால் மறைந்துகொள்ளும் உத்திக்கும் ஆயுள் குறைவாகவே இருந்தது. கூகுளும் அமேசானும் 2018 ஏப்ரலிலேயே அந்த வழியை மூடிவிட்டன. எஃப்எம்ஜிஇ குறிப்புகள் தரும் ஒரு தமிழ்த் தளத்தைத் தடுத்தால் பெய்ஜிங்கிலோ மாஸ்கோவிலோ யாருக்கும் ஒரு ரூபாய் நட்டம் இல்லை. தடுத்தது நமக்கே பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

தடுக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கவும் முடியாது. ஹெச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கிய இணைப்பில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது வெளியே தெரியாது, டொமைன் பெயர் மட்டும் தெரியும். இணைப்பின் முதல் செய்தியிலேயே அந்தப் பெயர் திறந்தபடி போகிறது. அதையும் மறைக்க வந்த இஎஸ்என்ஐ முறையைச் சீனா 2020 ஜூலை இறுதியிலிருந்து தடுக்கிறது. ஆகவே தணிக்கையாளருக்கு ஒரு கட்டுரை பிடிக்கவில்லை என்றால் தளம் முழுவதும் போகும். சீன விக்கிப்பீடியாவுக்கு 2015 மே மாதத்தில் அதுதான் நடந்தது. 2019 ஏப்ரலில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும், தமிழ் உட்பட, அங்கே மூடப்பட்டன.

ரஷ்யாவில் 2024 மார்ச் 1 முதல், தடையைத் தாண்டும் வழிகளை விளக்குவதே தடுப்புக்குரிய செயல். டாக்டர் தளத்தில் அந்தப் பக்கம் ஏறினால், வோல்காக்கரை போன்றவர்கள் இப்போது பாதியாவது படிக்கிற தளம் முழுதாக மறையும். அந்த இணைப்பை விடுதிக் குழுவில் பகிர்ந்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நாம் மதுரையிலும் சென்னையிலும் உட்கார்ந்திருக்கிறோம். அங்குள்ள மாணவர்களின் விசா அவர்களுடைய பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் வெளியேற்றப்பட்டால் அந்தக் குடும்பத்தின் கடனை யார் அடைப்பது? துணிவு யாருடையது, விலை கொடுப்பவர் யார் என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன்.

பறையொலி

செங்கடம்பு, விசா பற்றிச் சொன்னது என் வாதத்தில் இல்லாத ஒன்று. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறவர்களுக்குச் சொல்லவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. அங்கே போகப்போகிற பிள்ளைகள் இங்கே இருக்கும்போது, ஊரிலேயே, நேரில் சொல்லலாம் அல்லவா?

செங்கடம்பு

அது நல்ல யோசனை. புறப்படும் முன் நடக்கும் வழிகாட்டிக் கூட்டங்களில் பேசலாம். அந்தந்த நாட்டின் சட்டம் என்ன, எது தண்டனைக்குரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனாவில் அனுமதி பெறாத விபிஎன்னுக்கு 15,000 யுவான் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள்மேல் அது அரிதாகவே பாய்கிறது என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரியவர்கள் முழு விவரமும் தெரிந்து தாங்களே முடிவு எடுக்கட்டும்.

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: எந்த மாணவரும் தம் பல்கலைக்கழகம், நகரம், விடுதிப் பெயரை இங்கே எழுத வேண்டாம். எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பனங்காடு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2007 ஜூனில் தமிழ்நெட் என்ற ஈழச் செய்தித் தளத்தை இலங்கையில் இணைய நிறுவனங்கள் தடுத்தன. அப்போது எங்களுக்குச் செய்தி வந்தது வெளிநாட்டில் இருந்த உறவினர்கள் நகலெடுத்து அனுப்பிய மின்னஞ்சல்களில்தான். தளம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எழுத்து கையிலிருந்து கைக்குப் போகக்கூடியதாக இருந்தது. படமும் நிரலும் நிறைந்த பக்கமாக இருந்திருந்தால் அப்படி அனுப்பியிருக்க முடியாது. டாக்டர் அம்மா, உங்கள் குறிப்புகளைத் தனியே எடுத்துச் செல்லக்கூடிய கோப்புகளாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். தளம் திறக்கும் ஒருவர் பதிவிறக்கினால் விடுதி முழுவதற்கும் போய்ச் சேரும்.

கோப்புப்பெட்டி

பனங்காடு சொன்னதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறேன், இது என் வேலை. கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது. விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்க 2007இல் தொடங்கியது. ஒரு தளத்தையே ஜிம் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டிக் கொடுக்கலாம். கைப்பேசியில் திறந்தால் தேடல், உள்ளிணைப்பு எல்லாம் வேலை செய்யும். நினைவட்டையில் போட்டு விமானத்தில் ஏறும்போதே கையில் கொடுத்துவிடலாம். வோல்காக்கரை சொன்ன கைப்பேசி முடக்கத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே இணைப்பே தேவையில்லை.

வேண்டியது ஒன்றுதான்: பக்கங்கள் நிலையான ஹெச்டிஎம்எல் ஆக இருக்க வேண்டும். உள்நுழைந்த பிறகே திறக்கும் பக்கங்களைக் கட்ட முடியாது. இலவசத் தளத்தில் குறிப்புகளைப் படிக்க உள்நுழைவு ஏன் தேவை என்பதையும் யோசியுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சரிபார்ப்புக் குறியை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்ணை, தளத்திலும் மின்னஞ்சலிலும் வெளியிடுங்கள். கை மாறி வரும் கோப்பில் மருந்தளவு ஒன்றை யாராவது மாற்றியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழி வேண்டும்.

கீழ்த்திசை

சீனாவில் அந்தக் கோப்பு வீசாட் வழியாகத்தான் பரவும், வாட்ஸ்அப் அங்கே 2017 முதல் இல்லை. வெளிநாட்டு எண்ணில் பதிந்த கணக்குகள் அனுப்பும் கோப்புகளும் படங்களும்கூட ஆராயப்படுகின்றன என்று டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வு மையம் 2020இல் காட்டியது. மருத்துவக் குறிப்பு மட்டும் இருந்தால் பயமில்லை. மாணவர் கருத்துப் பகுதியை அந்தக் கோப்பில் சேர்த்துவிடாதீர்கள். யாரோ எழுதிய அரசியல் வரி ஒன்று எல்லோர் கைப்பேசியிலும் போய் உட்காரும்.

தேர்வுத்தோழி

கருத்துப் பகுதி என்றதும் நினைவுக்கு வருகிறது. சில மாணவர்கள் சொந்தப் பெயரில் போர் பற்றியும் கல்லூரி பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மனக்குறையைச் சொல்ல வேறு இடம் இல்லை. நீக்கவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது.

செங்கடம்பு

ரஷ்யாவில் 2022 மார்ச்சில் வந்த சட்டங்களின்படி இராணுவத்தைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்பினார் என்று சொல்லி 15 ஆண்டுகள் வரை சிறையில் வைக்க முடியும். எது பொய் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். எழுதியவர்களுக்குத் தனித்தனியே மடல் எழுதி நிலைமையை விளக்குங்கள், பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பதிவுகளை வெளியே தெரியாமல் நிறுத்திவையுங்கள். இனிமேல் புனைபெயர் மட்டும் போதும், கைப்பேசி எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள்.

வழங்கியின் பதிவேட்டையும் பாருங்கள். யார் எந்த ஐபி முகவரியிலிருந்து எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று அது தானாகவே எழுதிக்கொண்டிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டி, சில நாட்களில் அழியும்படி வையுங்கள். வெளி நிறுவனத்தின் வருகைக் கணக்கையும் எடுத்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத தகவலை யாரும் திருடவும் முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது.

கம்பிவழி

சோதிக்கும் முறையை நான் இன்னும் சொல்லவில்லை. “திறக்கவில்லை” என்று மாணவர் சொன்னால் அது எப்படித் திறக்கவில்லை என்று கேளுங்கள்.

403 என்ற எண்ணுடன் ஒரு பக்கம் வந்தால், தடுப்பது பெரும்பாலும் நம் பக்கத்து வழங்கியோ சிடிஎன்னோதான். தாக்குதலுக்குப் பயந்து சீன, ரஷ்ய முகவரிகளை மொத்தமாக மறுக்கும் விதியைப் பல வழங்கி நிறுவனங்கள் போட்டுவைத்திருக்கின்றன. ஈரானியர்களுக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பு. உள்ளே அவர்கள் அரசு தடுக்கிறது. வெளியே அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு அஞ்சி நிறுவனங்கள் கதவைச் சாத்துகின்றன. 2019இல் கிட்ஹப் ஈரானியக் கணக்குகளை முடக்கியது, அமெரிக்க அரசிடம் உரிமம் பெற்று 2021 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தது.

தளத்தின் பெயருக்குப் பொய்யான ஐபி முகவரி வந்தால் அது டிஎன்எஸ் தடை, அதாவது பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் இடத்திலேயே செய்யும் தடை. ஈரானில் 10.10.34.34 போன்ற உள்முகவரியே பதிலாக வரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இணைப்பு தொடங்கியதும் அறுந்தால் டொமைன் பெயரைப் பார்த்து வெட்டுகிறார்கள். தொடங்கிப் பாதியில் உறைந்தால் நெரிப்பு.

உங்கள் பெயரில் தவறே இல்லாமலும் மாட்டிக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் ட்விட்டரின் வேகத்தைக் குறைக்க ரஷ்யா அதன் சுருக்க முகவரியான t.co என்பதைத் தேடியது. புள்ளியோடு சேர்த்து நான்கே குறிகள் அதில். அதே நான்கும் மைக்ரோசாஃப்ட், ரெட்டிட் முகவரிகளின் நடுவிலும் வரிசையாக வருவதால் அவையும் சேர்ந்து நின்றன. ஆகவே ஒரு நாள் திடீரென நின்றால் உடனே பயந்து எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், சில நாள் பாருங்கள்.

பொதுவான அளவீட்டுக்கு, எந்த நாட்டில் எந்தத் தளம் தடுக்கப்படுகிறது என்று அளக்கும் ஊனி (OONI) திட்டத்தின் தரவு இருக்கிறது, 2012 முதல் நடக்கிறது, யாரும் பார்க்கலாம். அதன் செயலியை அங்குள்ள மாணவர்களை ஓட்டச் சொல்லாதீர்கள். அது தடுக்கப்பட்ட தளங்களையும் தொட்டுப் பார்க்கும்.

தேர்வுத்தோழி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்த எல்லாவற்றையும் எங்கள் வழங்கிக்கே கொண்டுவந்துவிட்டோம். குறிப்புகளுக்கு உள்நுழைவு இல்லை, மாதிரித் தேர்வுக்கு மட்டும் இருக்கிறது, அதுவும் புனைபெயரில். சீன மாணவர்களுக்குப் பக்கம் இப்போது உடனே திறக்கிறது. ரஷ்யாவுக்குச் சிடிஎன் இல்லாத தனி முகவரி கொடுத்தோம். எக்ஸ்ரே படங்கள் முழுதாக வருகின்றன. பதிவேட்டை வெட்டியாகிவிட்டது. கருத்து எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் இருக்கட்டும் என்றார், அவர் படிப்பை முடித்து ஊருக்கு வந்துவிட்டார்.

விபிஎன் பக்கம் போடவில்லை. அடுத்த பருவத்தில் புறப்படுகிறவர்களுக்கு மதுரையில் ஒரு கூட்டம் வைக்கிறோம். பறையொலி, செங்கடம்பு இருவரும் வந்து பேச முடியுமா?

பறையொலி

கட்டாயம் வருகிறேன்.

வோல்காக்கரை

அக்கா, மருந்தியல் அட்டவணை திறந்துவிட்டது. கைப்பேசி இணைப்பு இல்லாத நாளில் இன்னும் ஒன்றும் வருவதில்லை, அந்த ஒற்றைக் கோப்பு எப்போது கிடைக்கும்?

கோப்புப்பெட்டி

டாக்டர் பக்கங்களை அனுப்பிவிட்டார், கட்டிக்கொண்டிருக்கிறேன். படங்களோடு ஒன்று, எழுத்து மட்டும் உள்ளது ஒன்று என்று இரண்டு பதிப்புகள் வரும். எழுத்துப் பதிப்பு முதலில். வோல்காக்கரை, விடுதியில் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள் எந்தப் பதிப்பு ஆண்ட்ராய்டு என்று கேட்டுச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துரு அதில் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும்.